அரைக் கட்டை

இன்னொரு தடவை என்கிறார் பாக்கியநாதன் சார். எத்தனையாவது இன்னொரு தடவை என்று கேட்க வாய் வருகிறது, கேட்கவில்லை, அதற்கும் தொண்டைதானே செலவாகும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் டேப்பைப் பின்னால் ஓட விடுகிறார். இரண்டு ரீலும் தலைதெறிக்கச் சுற்றுகின்றன. காலையிலிருந்து நான் கத்தியது, திணறியது, நடுவில் இருமியது எல்லாம் கீச்கீச்சென்று திரும்பிப் போகிறது. அடுத்து நான் பாடுவது இதன் மேலேயே பதியும், இது அழியும். அழியட்டும். அழிவதற்கென்றே காலையிலிருந்து பாடிக்கொண்டிருப்பவள் தூத்துக்குடியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்த அறைக்குக் கூண்டு என்று பெயர் வைத்தவன் எங்கள் டிரம்மர் சகாயம். சுவரெல்லாம் பழைய கம்பளி, ஒரு மைக், ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு சிவப்பு விளக்கு. ஒரு காலத்தில் இங்கே வானொலிக்கு வேதாகம நாடகங்கள் பதிவு செய்வார்களாம். யோனாவை மீன் விழுங்கியது இந்த அறையில்தான் என்று சார் பெருமையாகச் சொல்வார். யோனாவையாவது மூன்றாம் நாள் கக்கிவிட்டது. நாளையிலிருந்து இந்தத் தியான இல்லத்தில் தவக்காலத் தியானம், கூடம் முழுக்க ஜனம் இருக்கும், எங்களுக்கு இடம் இருக்காது. ஆகவே இன்றைக்கே முடிக்க வேண்டும். இன்றைக்குப் பார்த்து மாதாந்திர ஷட் டவுன், ஊரே கரண்டு இல்லாமல் விசிறிக்கொண்டிருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் எங்களுக்குக் கரண்டு கொடுக்கிற லிங்கம் அண்ணாச்சியின் ஜெனரேட்டர் வண்டி உறுமுகிற உறுமல் கம்பளியைத் தாண்டி என் காலடியில் அதிர்கிறது. மற்ற பாட்டெல்லாம் முடிந்துவிட்டது. மூணாவது மைல் என்கிற எங்கள் பேண்டின் முதல் ஆல்பத்துக்கு இந்த ஒரு பாட்டுதான் பாக்கி. இந்த ஒரு பாட்டிலும் ஒரு வரிதான் பாக்கி. அந்த வரியிலும் ஒரு எழுத்துதான். வா.

கரையே, கரையே, நீ நகர்ந்து வா. கரைக்குப் போக முடியாதவன் கரையைக் கூப்பிடுகிறான். இதை இக்னேஷியஸ் எழுதியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அவன் என் கணவன் ஆகியிருக்கவில்லை, கோயில் பாடற்குழுவில் பின்வரிசையில் கிட்டாரோடு நின்று என் பின்னங்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். ஊர் முன்னால் அவனை ஏங்க என்றும் பேண்டுக்குள் இக்னா என்றும் கூப்பிடுவேன், இரண்டு வாயும் ஒன்றுதான். அந்த வா என்கிற எழுத்து எங்கிருந்தோ கீழே கிடந்து திடீரென்று எகிற வேண்டும், எகிறி அங்கேயே நிற்க வேண்டும், நூல் அறுந்த பிறகும் விழாத பட்டம் மாதிரி. இருபத்திரண்டில் நின்றது. நின்றதைக் கேட்டுவிட்டுத்தான் என்னைப் பெண் கேட்டு வந்தான். இது என் கற்பனை இல்லை, அவனே பத்துப் பேர் முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறான், பொண்ணு பாக்கப் போகல, அந்த வா-வைக் கேட்டுட்டுல்லா போனேன் என்று. அப்புறம் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர் ஆனேன். வாய்ப்பாடு, உஷ், உக்காரு, ஏல கடைசி பெஞ்சு, உஷ். தினமும் மாலை தொண்டைக்குள் யாரோ உப்புத் தாளைத் தேய்த்த மாதிரி இருக்கும். பாளையங்கோட்டை டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டுக் குரல்நாண் தடித்துப் போயிருக்கிறது, பேச்சைக் குறையுங்கள் என்றார். நான் டீச்சர் என்றேன். அப்படியானால் பாட்டைக் குறையுங்கள் என்றார். இக்னாவிடம் சொன்னேன், மறைக்கவில்லை. அவன் கேட்டுக்கொண்டே கிட்டார்க் கம்பியைத் துடைத்தான். "டாக்டருக்கு என்ன தெரியும் ராக் மியூசிக்கப் பத்தி? ரெண்டு நாள் மிளகுப் பால் குடி, சரியாயிரும்." பாட்டின் சுருதியை அரைக் கட்டை இறக்கலாமே என்றேன். எத்தனை முறை, எத்தனை விதமாகக் கேட்டேன், சோறு போடும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவன் காதில், ஒருதரம் அழுதும் கேட்டேன். அரைக் கட்டைதான், யாருக்கும் தெரியாது. "எனக்குத் தெரியும்லா," என்றான். "அரைக் கட்டை எறக்குனா பாட்டு செத்துரும் டெல்பி." போன வாரம் டிரம்மையும் கிட்டாரையும் பேஸையும் பழைய சுருதியிலேயே பதிந்துவிட்டார்கள். டேப்பில் என் குரலுக்கு ஒரு வரிசையும் என் மவுத் ஆர்கனுக்கு ஒரு வரிசையும் மட்டும் காலியாக இருக்கின்றன. வாசலை அடைத்துவிட்டு உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரி.

விளக்கு சிவக்கிறது. சகாயத்தின் குச்சி நான்கு தட்டு, கிட்டார் வந்து விழுகிறது, ஹெட்போன் காதை இறுக்குகிறது. முதல் அடி எனக்கு எப்போதும் நன்றாகத்தான் வரும், அதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள், நானும். கீழே பாடும்போது குரலில் ஒரு கரகரப்பு, அது ராக் பாட்டுக்கு அழகு என்று இக்னா சொல்வான். அழகுதான், கீழே இருக்கும்வரை. இரண்டாவது அடி. வருகிறது, அது வருகிறது, பாட்டைப் பாடாமல் அந்த ஒரு எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாடிப்படியில் கடைசிப் படி உடைந்திருக்கிறது என்று தெரிந்தே ஏறுகிறவள் முதல் படியிலேயே தடுக்குவாளே, அப்படி. கரையே. மூச்சை எடு. கரையே. நான் ஏன் இப்படி இறுக்குகிறேன், தோளை விடு, ஆட்டுக்கறி வெட்டுகிற மாதிரி கழுத்தை நீட்டாதே, நீ நகர்ந்து. போ. வா. இல்லை. வாயைத் திறந்தேன், காற்று வந்தது, காற்றுக்குள் ஏதோ கிழிந்தது, அவ்வளவுதான். இதுவரை ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் நானே ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். இந்தத் தடவை கழற்றப் போன கையைக் காதுக்குள் இக்னாவின் குரல் பிடிக்கிறது. "நிறுத்தாத டெல்பி. கடைசி வரைக்கும் போ. அந்த எடத்த அப்புறம் பாத்துக்கிடுவோம்." எப்படிப் பார்த்துக்கொள்வான்? இவன்தானே சொன்னான், கம்ப்யூட்டர்ல பாடுனா கழுதையும் குயிலாயிரும், டேப்பு பொய் சொல்லாது, அதனாலதான் நமக்கு டேப்பு என்று. ஆல்பத்தின் அட்டைகூட அச்சடித்து வந்துவிட்டது, ஒரு திருத்தமும் இல்லாத குரல் என்று என் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறான். படத்தில் நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைக் கிழிக்க வேண்டும் போலிருக்கிறது. இன்றைக்கு இவன் முகத்தில் நான் பார்ப்பது கோபம் இல்லை, கோபம் என்றால் சமாளித்துவிடுவேன், கோபத்துக்குக் கோபம். இவன் பயந்துபோயிருக்கிறான். செத்துப்போனவளை எழுப்பிப் பார்க்கிறவன் முகம். எழுப்ப எழுப்ப எழுந்திருக்காத அவள் நான்.

பாட்டு போய்க்கொண்டிருக்கிறது, இடையிசைக்கு வந்துவிட்டது. இங்கே நான் மவுத் ஆர்கன் வாசிக்க வேண்டும். காலையிலிருந்து இந்த இடம்வரை வந்ததே இல்லை. ஸ்டூலில் இருப்பதை எடுத்து உதட்டில் வைத்து இழுக்கிறேன், சீ. புளித்த மோர் மாதிரி ஒரு சத்தம். கிட்டார் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். சரி, இதுவும் போயிற்று, நான் தொட்டதெல்லாம் போயிற்று. மறுபடி ஊதுகிறேன். மறுபடி அதே புளிப்பு. ஊதிக்கொண்டே யோசிக்கிறேன், யோசித்துக்கொண்டே ஊதுகிறேன். இது பித்தளை. இதன் நாக்குக்குச் சளி பிடிக்காது, வயதாகாது, இது மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கவில்லை. போன வாரம் இதே கிட்டாரோடு ஒட்டிக்கொண்டு ஒத்திகையில் வாசித்தேனே. அப்படியானால் மாறியது இது இல்லை. நான் பாடாமல் நிற்பதைப் பார்த்து இக்னா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை விரிக்கிறான். அவன் மடியில் கிட்டார். காலையில் எனக்குச் சுருதி எடுத்துக் கொடுக்க அதைத் தட்டியபோது டேப்போடு ஒட்டவில்லை, கடல்காத்து கம்பியத் தளத்திட்டு என்று அவன் திட்டிக்கொண்டே முறுக்கி ஏற்றினான், நான் பார்த்தேன், பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. அவனுக்குத் தன் கம்பி மேல் சந்தேகம். எனக்கு என் தொண்டை மேல் சந்தேகம். மிஷின் மேல் ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. என்னை அறியாமல் கண்ணாடியைத் தட்டுகிறேன், இரண்டு கையாலும். "இக்னா! டேப்பு வேகமா ஓடுது! பாட்டு மேல ஏறிக் கெடக்கு! நான் இல்ல, இக்னா, நான் இல்ல!"

பாக்கியநாதன் சாருக்கு மூக்கு சிவந்துவிட்டது. என் மிஷினா, என் மிஷினையா சொல்லுதிய என்றார். பெண்டாட்டி பிள்ளையைச் சொன்னாலும் பொறுப்பார், இதைப் பொறுக்க மாட்டார். மவுத் ஆர்கனை அவர் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஊதினேன். டேப்பைப் போட்டார். இன்னொருமுறை ஊதினேன். பிறகு, மிஷினுக்கு ஒரு குறையும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, விஷயத்துக்கு வந்தார். இது பழைய மோட்டார், கரண்டு எந்த வேகத்துல துடிக்குதோ அந்த வேகத்துலதான் சுத்தும், ஊர்க் கரண்டு ஒரே சீராத் துடிக்கும், ஜெனரேட்டர் அதைப் போட்டு விரட்டுது போலிருக்கு, நான் என்ன செய்ய? ஜன்னலைத் திறந்து எல்லோரும் லிங்கம் அண்ணாச்சியைப் பார்த்துக் கத்தினோம். அவர் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஜெனரேட்டர் ஓட்டுகிறவர். "கொஞ்சம் ரேஸ் கூடத்தான் வச்சிருக்கேன். சீரியல் செட்டு பளிச்சுன்னு எரியணும்லா?" என்றார். இங்கே ஏது சீரியல் செட்டு? பழக்கம். நான் ஜன்னலில் நின்று ஊத, உள்ளே டேப் ஓட, அவர் ஒரு திருகாணியைத் திருக, சகாயம் நடுவில் நின்று எறக்குங்க, இன்னும், ஐயோ ரொம்ப, ஏத்துங்க என்று போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை ஆட்ட, கிட்டாரும் மவுத் ஆர்கனும் ஒரு இடத்தில் வந்து ஒன்றாய்ப் படுத்துக்கொண்டன. எல்லோரும் சிரித்தோம். இக்னா என் கழுத்தின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர். "கொன்னுட்டியே டெல்பி, நான் போயிட்டுன்னே நெனச்சிட்டேன்." நீ போயிட்ட என்று சொல்லவில்லை. போயிட்டு என்றான். எது போயிற்று என்று நினைத்தான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் என்ன, இப்போது எனக்குக் கோபம் வரவில்லை. நான் இல்லை. என் தொண்டை இல்லை. ஜெனரேட்டர். டாக்டர், குழாய், உப்புத் தாள், எல்லாம் ஜெனரேட்டர். இவ்வளவு சந்தோஷம் எனக்குப் பிள்ளை பிறந்த அன்றுகூட வந்ததா என்று தெரியவில்லை.

விளக்கு சிவக்கிறது. தட்டு தட்டு தட்டு தட்டு. இப்போது பாட்டு தன் இடத்தில் இருக்கிறது, காதுக்கே தெரிகிறது, நம் வீட்டுக் கதவைத் திறந்து நுழைகிற மாதிரி. முதல் அடி. பின்னால் சாய்ந்துகொண்டு பாடுகிறேன், சிரிப்பு இன்னும் வாயில் இருக்கிறது. இரண்டாவது அடி. கரையே. பயமே இல்லை, எதற்குப் பயம், அரைக் கட்டை கீழே வந்துவிட்டதே. கரையே. நீ நகர்ந்து. வா.

கிழிந்தது.

அதே இடம். அதே கிழிசல். காலையில் கேட்டதற்கும் இதற்கும் மயிரிழை வித்தியாசம் இல்லை. விளக்கு இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறது, டேப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நான் வாயை மூட மறந்து நிற்கிறேன். "சிரிச்சிட்ட, அதான். மறுபடி," என்கிறான் இக்னா. சரி, சிரித்துவிட்டேன். மறுபடி. கிழிகிறது. "மூச்சு பத்தல, மறுபடி." கிழிகிறது. அப்புறம் அவன் காரணம் சொல்வதை விட்டுவிட்டான். காதுக்குள் ஒரு சத்தமும் இல்லை, அங்கே அவர்கள் பொத்தானை அணைத்துவிட்டுப் பேசிக்கொள்கிறார்கள், கண்ணாடி வழியே வாய்கள் மட்டும் அசைகின்றன. சகாயம் தரையைப் பார்க்கிறான். எல்லோரும் என்னிடம் இவ்வளவு மரியாதையாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் திட்டினார்களே, அது தேவலாம். ஆக அது நான்தான். ஜெனரேட்டரும்தான், நானும்தான். எதற்காகக் கண்டுபிடித்தேன், எதற்காகக் கண்ணாடியைத் தட்டினேன்? பேசாமல் இருந்திருந்தால் காலம் முழுக்க அந்த லிங்கம் அண்ணாச்சியைத் திட்டிக்கொண்டு இருந்திருக்கலாமே, ஷட் டவுன் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் என்று. எனக்கு இருந்த ஒரே சாக்கை நானே கெடுத்துக்கொண்டேன். இனி இந்த எழுத்து என்னிடம் இல்லை. இரவல் கொடுத்தது இல்லை, திரும்பி வருவதற்கு. மாதா, நான் உன்னிடம் பெரிதாக எதுவும் கேட்டதில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது கேட்டேன், அவ்வளவுதான், இது ஒரு எழுத்து, ஒரே ஒரு தடவை, இந்த விளக்கு எரியும்போது மட்டும், அப்புறம் நீயே எடுத்துக்கொள். மூன்றாம் வகுப்பில் ஜெபமேரி என்று ஒரு குட்டி இருக்கிறாள், பென்சில் தொலைத்துவிட்டு இப்படித்தான் ஜெபம் செய்வாள், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. நான் அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். இக்னா எழுந்து நிற்கிறான். அந்த எழுந்திருப்பில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, இந்தப் பாட்டை விட்டுருவோம் என்று சொல்லப் போகிறான், அன்பாகச் சொல்வான், தோளைத் தட்டுவான், வீட்டுக்குப் போய் எனக்குப் பிடித்த புரோட்டா வாங்கித் தருவான், பிறகு சாகும்வரை என்னோடு நல்லவனாக இருப்பான். அதை என்னால் தாங்க முடியாது. கதவைத் திறந்து, பாத்ரூம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வருகிறேன்.

வெயில் கண்ணில் அடிக்கிறது. உப்பும் டீசலும் கலந்த வாடை. லிங்கம் அண்ணாச்சி வண்டி நிழலில் துண்டை விரித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார், என்னைக் கண்டதும் காலை மடக்கிக்கொள்கிறார். பாத்ரூமுக்கு என்று கிளம்பிய கால் ஏன் இங்கே வந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். படி இறங்கும்போதே தெரியும். இக்னாதான் டிரம்மை இறக்க மாட்டான், கிட்டாரை இறக்க மாட்டான். இந்தத் திருகாணி இறக்கும். டேப் மெதுவாக ஓடினால் பாட்டு கீழே வரும், கீழே நின்று நான் பாடிவிடுவேன், அப்புறம் ஊர்க் கரண்டு வரும், டேப் தன் வேகத்துக்குத் திரும்பும், எல்லாம் சேர்ந்து மேலே போகும், பாட்டும் போகும், என் குரலும் அதோடு ஏறிப் போகும். கிணற்றுக்குள் இருப்பவளை வாளியோடு சேர்த்துத் தூக்குகிற மாதிரி. "அண்ணாச்சி, இன்னும் கொஞ்சம் எறக்கணும்." "இப்பந்தானம்மா சரியா வச்சோம்?" "பத்தல. இன்னும் எறக்குங்க." "எறக்குனா லைட்டு மங்கிரும்லா." "மங்கட்டும்." அவர் என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, எழுந்து திருகாணியில் கை வைத்தார். உறுமல் தாழ்ந்தது. ஜன்னலுக்குள் தொங்கிய பல்பு மஞ்சளானது. போதுமா என்று கண்ணால் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டினேன். டேப்பு பொய் சொல்லாது, இக்னா. சரி. நான் சொல்கிறேன்.

கூண்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக மவுத் ஆர்கனை எடுத்துக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன். இந்த அறையில் உண்மை தெரிந்தது அது ஒன்றுதான். "மவுத் ஆர்கன அப்புறம் தனியாப் போட்டுக்கிடுதேன், முதல்ல பாடிருதேன்," என்றேன் மைக்கில். இக்னா உட்கார்ந்தான். கிட்டார் அவன் மடியில் இல்லை, சுவரில் சாய்த்து வைத்துவிட்டான், அதற்கு மேல் அதைத் தட்டிப் பார்க்கிற தெம்பு அவனிடம் இல்லை. நல்லதாயிற்று. விளக்கு சிவப்பாக இல்லை, கருஞ்சிவப்பாக, அவிந்துபோகிற கங்கு மாதிரி எரிகிறது. தட்டு. தட்டு. தட்டு. தட்டு. என்ன தூக்கக் கலக்கமான தட்டு, சகாயத்தின் கை இவ்வளவு கனக்குமா, கிட்டார் சேற்றில் நடந்து வருகிறது, இவர்களுக்குக் கேட்கவில்லையா? சகாயம் நிமிர்ந்து ஏதோ சொல்கிறான், கொஞ்சம் இழுக்குதோ என்று வாய் போகிறது. முதல் அடியைப் பாடிவிட்டேன். சார் பல்பைப் பார்க்கிறார், மீட்டர் முள்ளைப் பார்க்கிறார், கை பொத்தானுக்குப் போகிறது. போச்சு. இரண்டாவது அடி. இக்னா அவர் கையைப் பிடித்துக்கொள்கிறான். கண்ணை என் மேலிருந்து எடுக்காமல் பிடித்துக்கொள்கிறான், நிறுத்தாதீங்க சார், அவ பாடுதா. என்னைத்தான் சொல்கிறான். கரையே. பாடு. இவன் இப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆயிற்று? கரையே. ஐயோ, திருட்டுப் பொருளை மடியில் வைத்துக்கொண்டு திவ்விய நற்கருணைக்கு வரிசையில் நிற்கிறேன். நீ நகர்ந்து. வா.

நின்றது. கிழியவில்லை. என் தொண்டைக்குள் அது நிற்பதை நானே தொட்டுப் பார்க்கலாம் போல நின்றது. ஓரத்தில் ஒரு நடுக்கம், இருக்கட்டும், இறங்கவில்லை, நான் விடும்வரை நின்றது. பாடி முடித்தேன். இடையிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், மறுபடி பாடினேன், கடைசிவரை. கடைசிக் கிட்டார் அடங்கியபோது விளக்கு அணைந்தது, கூடவே வெளியே உறுமலும் நின்றது, தலைக்கு மேல் நின்றிருந்த பெரிய ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியது. ஊருக்குக் கரண்டு வந்துவிட்டது.

போட்டுக் கேட்போம் என்கிறார் சார். எல்லோரும் இந்தப் பக்கத்து அறையில் பெரிய ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிறோம். பிடிபட்டுவிடுவேன், முதல் சொல்லிலேயே பிடிபட்டுவிடுவேன், பொம்மலாட்டப் பொம்மை மாதிரிக் கேட்கும், சகாயம் முதலில் சிரிப்பான். ரீல் சுற்றுகிறது. தட்டு தட்டு தட்டு தட்டு, சுறுசுறுப்பாக, சுத்தமாக, போன வாரம் பதிந்த அதே தட்டு. பிறகு ஒரு பெண் பாடுகிறாள். பொம்மை இல்லை. இவளை எனக்குத் தெரியும். கரகரப்பு இல்லை, இருக்கிறது, ஆனால் அது குறும்பு மாதிரி இருக்கிறது. இவள் யாரையும் உஷ் என்று அதட்டியது இல்லை. பாடற்குழுவில் முன்வரிசையில் நின்று பின்னங்கழுத்தில் ஒருவனுடைய பார்வை ஊர்வதைத் தெரிந்துகொண்டே திரும்பிப் பார்க்காமல் பாடினாளே, அவள். நீ நகர்ந்து வா என்று எகிறி அங்கேயே நிற்கிறாள், ஓரத்து நடுக்கம்கூட இவளிடம் வெட்கமாக மாறிவிட்டது. சகாயம் தொடையில் தட்டிக்கொண்டு யம்மாடி என்கிறான். சார் மிஷினின் தலையைத் தடவிக் கொடுக்கிறார். "சும்மாவா, இது பொய் சொல்லாதுல்லா." வாசலில் லிங்கம் அண்ணாச்சி துண்டை உதறிக்கொண்டு தலையை நீட்டுகிறார். "எம்மா, அந்த எறக்குனது சரியா இருந்துச்சா?" ஓரக்கண்ணால் பார்த்தேன். இக்னா திரும்பவில்லை. அவனுக்குக் காதே இல்லை, ஸ்பீக்கரைத் தவிர. இருந்துச்சு அண்ணாச்சி என்று தலையை ஆட்டினேன், அவர் திருப்தியாகப் போய்விட்டார்.

அவன் அழுகிறான். ஸ்பீக்கரைப் பார்த்து, மீசை நனைய, வாயைத் திறந்துகொண்டு அழுகிறான். நான் அவனுக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறேன். அழாதே இக்னா என்று சொல்லத் தோன்றுகிறது, சொன்னால் இந்த அறையில் என் குரல் கேட்கும், அதுவும் இதுவும் அடுத்தடுத்துக் கேட்கும், பயந்து வாயை மூடிக்கொள்கிறேன். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருக்கிறது. வெட்கம் இல்லாமல் சொல்கிறேன், பற்றிக்கொண்டு எரிகிறது. நான் தொண்டையைக் கிழித்துக்கொண்டு நின்றபோது இவன் எழுந்து நின்றான், இவளுக்கு உட்கார்ந்து அழுகிறான். பாட்டு முடிந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு இப்போதுதான் என் பக்கம் திரும்புகிறான், சின்னப் பையன் மாதிரி முகம் மினுங்குகிறது. "பாத்தியா? உன் குரல் எங்கயும் போவல. நாந்தான் சொன்னேம்லா, மிளகுப் பால் குடின்னு." நான் சிரித்தேன். "இப்பம் எனக்குத் தைரியம் வந்துட்டு டெல்பி. மாதா கோயில் திருவிழா மேடையில இதத்தான் முதல்ல போடுதோம். அடுத்த ஆல்பத்துக்கு மனசுல ஒண்ணு கெடக்கு, இதவிட அரைக் கட்டை மேல. உனக்குன்னே வச்சிருக்கேன்." நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். இப்போது சொல்ல வேண்டும். இந்த நிமிஷம் சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தேன். "மவுத் ஆர்கன் பாக்கி இருக்கு," என்றேன். கரகரவென்று, வயதானவளாக, மூன்றாம் வகுப்பு டீச்சராக. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆமா, போ போ, அதையும் போட்டுரு," என்றான்.

கூண்டுக்கு வந்து கைப்பையின் ஜிப்பைத் திறக்கிறேன். விளக்கு சிவக்கிறது, பளிச்சென்று, ஊர்க் கரண்டின் சிவப்பு. ஹெட்போனுக்குள் அவள் பாடத் தொடங்கிவிட்டாள். என்னைப் பாட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், என் வரிசை நிரம்பிவிட்டது. மெல்ல ஊதிப் பார்க்கிறேன், கிட்டாரோடும் அவளோடும் மயிரிழை பிசகாமல் ஒட்டுகிறது, இதற்குத் தொண்டை வேண்டாம், மூச்சு இருந்தால் போதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இக்னா கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுகிறான். கரையே, கரையே, நீ நகர்ந்து வா என்கிறாள். அவள் பாடி முடித்து மூச்சு வாங்குகிற இடத்தில் நான் வாசிக்க வேண்டும். உதட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.